மேக்ரோ கணக்கு: மூன்று வட்டத்தையும் நிரப்பியே ஆக வேண்டுமா?

கேள்வி, ஏப்ரல் 9, காலை 7.15

எடை குறைக்க போன் ஆப்பில் கலோரி எழுத ஆரம்பித்திருக்கிறேன். 1600 கலோரி கொடுத்தது, சரி. கூடவே மாவுச்சத்து 160 கிராம், புரதம் 120, கொழுப்பு 53 என்று மூன்று வட்டம் காட்டுகிறது, இவைதான் மேக்ரோவாம். கலோரி சரியாக வந்த நாளில்கூட ஏதாவது ஒரு வட்டம் சிவந்துவிடுகிறது. நேற்று ராத்திரி புரதம் 30 கிராம் பாக்கி, கலோரியோ 40தான் பாக்கி. இதை எதை வைத்து நிரப்புவது? மூன்றையும் தொட்டே ஆக வேண்டுமா? நான் சேலம் அம்மாபேட்டை, வீட்டுச் சாப்பாடு, வாரத்தில் ஒரு நாள்தான் கறி.

ஏப்ரல் 9, இரவு 10.40

தொட்டே ஆக வேண்டும். நான் ஒரு மாதமாகத் தொடுகிறேன், முடியாத காரியம் இல்லை.

என் கதை: செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை. வயது 43, உயரம் 168 செ.மீ., மார்ச் 8ஆம் தேதி 84.2 கிலோ. காலையில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பது. தொப்பை மடியில் வந்து உட்கார்ந்துகொண்டு வேலையைப் பார்க்க விடவில்லை, அதனால்தான் இந்த வம்பில் இறங்கினேன்.

எங்கள் தொழிலில் ஒருவர் வெள்ளி கொண்டுவந்து வைத்தால் எடை எவ்வளவு என்பதோடு விட மாட்டோம், டச் என்ன, அதாவது அதில் சுத்த வெள்ளி எத்தனை சதவீதம் என்று கேட்போம். இரண்டு கட்டியும் நூறு கிராம்தான், ஒன்றில் வெள்ளி அதிகம், இன்னொன்றில் செம்பு அதிகம். கலோரி எடை மாதிரி. மேக்ரோ டச் மாதிரி. டச் குறைந்தால் சரக்கு திரும்பி வரும். அவ்வளவுதான் விஷயம்.

நான் தினமும் 40-30-30 சதவீதம் பிசகாமல் போகிறேன். மீல்மேக்கர் (சோயா உருண்டை) இருக்கும்போது புரதத்துக்கு என்ன கவலை?

ஏப்ரல் 9, இரவு 11.05

கணக்கு தெரியாதவர்களுக்கு: புரதம் ஒரு கிராமுக்கு 4 கலோரி, மாவுச்சத்து 4, கொழுப்பு 9. (சாராயம் 7. கேட்க நினைத்தவர்கள் கேட்காமலேயே தெரிந்துகொள்ளட்டும்.) அம்மாபேட்டைக்காரரின் வட்டங்களைக் கூட்டிப் பாருங்கள்: 640, 480, 477, ஆக 1597. அதாவது கலோரி ஒன்று, மேக்ரோ மூன்று என்று நான்கு இலக்கு கிடையாது. அந்த 1600ஐயே மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மூன்றும் சரியாக வந்தால் கலோரி தானாக வந்துவிடும். கலோரி சரியாக வந்தால் மூன்றும் வரும் என்று சொல்ல முடியாது.

ஏப்ரல் 10, காலை 6.30

1600 எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்த தம்பிக்கு. 1990இல் வந்த மிஃப்ளின் சூத்திரம்தான் பெரும்பாலான ஆப்களில் ஓடுகிறது. எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, ஆணுக்கு 5 கூட்டு, பெண்ணுக்கு 161 கழி. எனக்கு ஏறக்குறைய 1680. அது சும்மா படுத்துக் கிடந்தாலே செலவாவது. உட்கார்ந்த வேலைக்கு 1.2ஆல் பெருக்கினால் 2016. அதில் 400 குறைத்தேன். தோராயக் கணக்குதான், உடம்பு சூத்திரம் படித்துவிட்டு வரவில்லை.

ஏப்ரல் 14, மதியம் 3.20

வருஷப் பிறப்பு. வடை, மாங்காய்ப் பச்சடி, ஜவ்வரிசிப் பாயசம். வடையை எழுதினேன், பாயசத்தை எழுதக் கை வரவில்லை. உலர்ந்த ஜவ்வரிசி நூறு கிராம் ஏறக்குறைய 350 கலோரி, புரதம் இல்லை என்றே சொல்லலாம். சேகோசர்வ் (ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கம்) இருக்கிற ஊரில் பிறந்துவிட்டு இதைச் சொல்ல வாய் கூசுகிறது. குச்சிக்கிழங்கை (மரவள்ளி) அரைத்துக் கரைத்து, மாவை மட்டும் பிடித்து, உருட்டி வறுத்துக் காயவைத்தால் வேறு என்ன மிஞ்சும்?

ஏப்ரல் 21, இரவு 11.50

எல்லாரும் ஒரு ரவுண்டு என்னைத் திட்டிவிடுங்கள், அப்புறம் படியுங்கள்.

மூன்று வாரமாக மதியம் மீல்மேக்கர். ஊறவைத்துப் பிழிந்து, தராசில் வைத்து, 150 கிராம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆப்பில் இருக்கும் கணக்கோ காய்ந்த உருண்டைக்கு, நூறு கிராமுக்கு 52 கிராம் புரதம். ஆகவே எனக்கு 78 கிராம் என்று காட்டும், நானும் மீசையை முறுக்கிக்கொள்வேன். இன்று மனைவி பாக்கெட்டிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுவதைப் பார்த்ததும்தான் உறைத்தது, அந்தக் கைப்பிடி எப்படி 150 ஆகும்? வாங்கி வைத்தேன்: 50 கிராம். வெந்நீரில் போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பிழிந்து மறுபடி வைத்தேன்: 148.

98 கிராம் தண்ணீர். தண்ணீருக்குப் புரதக் கணக்கு எழுதியிருக்கிறேன்.

உண்மையில் கிடைத்தது 26 கிராம். நாள் கணக்கு 120 அல்ல, 68. கலோரியிலும் 345 அதிகமாக எழுதியிருக்கிறேன், அப்படியென்றால் 1600 என்று நினைத்துக்கொண்டு 1250 போலத்தான் சாப்பிட்டிருக்கிறேன். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியதும், வெள்ளியைப் பற்றவைக்கும்போது விரல் ஆடியதும் வெயிலால் என்று நினைத்திருந்தேன். ஈரத்தோடு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்திருந்தால் இந்நேரம் பட்டறைக்குப் பூட்டுதான்.

பட்டறைத் தராசு என்றதும் ஞாபகம். முதல் வாரம் அதைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், பத்து மில்லிகிராம்வரை காட்டும். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு போட்டு ஒரு இட்லியை வைத்தால் 52.37 என்று நின்றது, ஆவி போகப் போக 52.31, 52.26 என்று இறங்கிக்கொண்டே வந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, "ஏங்க, ஆசிட்டுப் பக்கத்துல இருந்த தராசை அடுப்படிக்குக் கொண்டாந்துட்டு, அது ஆறிப்போற வரைக்கும் பாத்துட்டிருக்கீங்களே" என்றாள். மறுநாளே சமையல்கட்டுக்கு வேறு தராசு வாங்கினேன். ஒரு கிராம் துல்லியம் போதும். என் தப்பு நூறு கிராமில் இருந்தபோது பத்து மில்லிகிராமை வைத்து என்ன செய்ய?

ஏப்ரல் 22, காலை 7.00

சாதத்திலும் இதே குழி இருக்கிறது. நூறு கிராம் அரிசி வெந்தால் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஏறிக் கிட்டத்தட்ட 270 கிராம் ஆகும், குழைந்தால் இன்னும் கூட.

ஏப்ரல் 22, காலை 7.04

தப்பு. முக்கால் பங்கு இல்லை, அரிசியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு தண்ணீர். தூக்கக் கலக்கம். அரிசியாக நூறு கிராம் 350 கலோரி, சாதமாக நூறு கிராம் 130. ஆப்பில் எந்த வரியைத் தொடுகிறீர்கள் என்று பாருங்கள்.

ஏப்ரல் 22, இரவு 9.15

"எப்படியோ எடை இறங்கிவிட்டதே, அப்புறம் என்ன" என்று சூரமங்கலத்து அக்கா கேட்கிறார். ஆமாம், 80.1க்கு வந்துவிட்டேன். ஆனால் இறங்கியது எது? முதல் வாரமே 1.9 கிலோ போனது, அது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்தோடு கிராமுக்கு மூன்று கிராம் போலத் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும், சோற்றைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து போகும், திரும்பச் சாப்பிட்டால் சேர்ந்து வரும். மீதியில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று எடை மெஷின் சொல்லாது. கலோரியை ரொம்பக் குறைத்து, புரதமும் குறைந்து, உடற்பயிற்சியும் இல்லாவிட்டால் சதையும் கரையும். என் தொடை அதைத்தான் சொல்லியது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 27, மாலை 5.30

ஏப்ரல் 9ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

சதவீதமே கோளாறு. 1600இல் முப்பது சதவீதம் 120 கிராம் புரதம். அதே ஆள் 1200க்கு இறங்கினால் 90 ஆகிவிடும், 2400 சாப்பிட்டால் 180 ஆகிவிடும். நான் சாப்பாட்டைக் குறைத்தால் என் சதைக்கு வேண்டிய புரதமும் குறைந்துவிடுமா? நியாயமாகப் பார்த்தால், குறைத்துச் சாப்பிடும்போதுதான் அது கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். எனவே புரதத்தைக் கலோரியின் சதவீதமாகக் கணக்குப் போடக் கூடாது, உடம்பின் எடையிலிருந்து போட வேண்டும்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அது சாதாரண நிலைக்கு. எடை குறைக்கிறவர்களுக்கு 1.2 முதல் 1.6 வரை பரவலாகச் சொல்கிறார்கள். என்னைப் போலக் கொழுப்பு நிறையச் சுமக்கிறவர் இப்போதிருக்கும் எடையால் பெருக்கினால் எண் வீணாக எகிறும், கொழுப்புக்குப் புரதம் ஊட்டி என்ன ஆகப்போகிறது? போக வேண்டிய எடை 70 என்று வைத்து 1.3ஆல் பெருக்கினேன்: 91. சரி, 90.

அடுத்தது கொழுப்பு. அதற்கும் ஒரு கீழ்மட்டம் உண்டு, ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர அது வேண்டும். ஒரேயடியாகக் கொழுப்பை நிறுத்திவிட்டு வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. எனக்கு 45 கிராம் என்று வைத்துக்கொண்டேன். புரதம் 360 கலோரி, கொழுப்பு 405, இரண்டும் போக மிச்சம் 835. அதை நாலால் வகுத்தால் 209 கிராம் மாவுச்சத்து. ஆப் கொடுத்த 160ஐவிட 49 கிராம் அதிகம்! அத்தனையும் இட்லி, அத்தனையும் சோறு. ஒரு மாதமாக எதற்கு அழுதுகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ஆக அம்மாபேட்டைக்காரருக்கு இப்போதுதான் பதில்: மூன்றையும் தொட வேண்டாம். கலோரிக்கு மேல் போகாதீர்கள், புரதத்துக்குக் கீழே போகாதீர்கள், கொழுப்பு அடியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவுச்சத்து மிச்சம் மீதி. டச் உவமையும் சரியில்லை. வெள்ளியில் சொன்ன டச் வந்தாக வேண்டும், கூடினாலும் எனக்கு நஷ்டம், குறைந்தாலும் எனக்குக் கெட்ட பெயர். இங்கே புரதம் பத்துக் கிராம் கூடினால் யாரும் சரக்கைத் திருப்பி அனுப்பப்போவதில்லை.

ராத்திரி 30 கிராம் பாக்கி, கலோரி 40 பாக்கி என்றீர்களே, அதை நிரப்பவே முடியாது, 30 கிராம் புரதமே 120 கலோரி. அது ராத்திரிப் பிரச்சினை இல்லை. காலையில் தேங்காய்ச் சட்னியோடு ஆறு இட்லி சாப்பிட்ட நேரத்திலேயே முடிவாகிவிட்டது.

ஏப்ரல் 27, இரவு 8.10

என்னதான் சாப்பிடுகிறேன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இன்றைய கணக்கு: காலையில் நாலு இட்லி, இரண்டு முட்டை, புரதம் 20 கிராம். பதினொரு மணிக்கு ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, முப்பது கிராம் இருக்கும், அதில் 6. மதியம் 80 கிராம் அரிசி வடித்தது, 40 கிராம் துவரம்பருப்பு, மீல்மேக்கர் 30 கிராம் (காய்ந்தது! காய்ந்தது!), ஒரு பெரிய கிண்ணம் தயிர், எல்லாம் சேர்ந்து 37. சாயங்கால டீயில் 3. ராத்திரி மூன்று சப்பாத்தி, நூறு கிராம் கோழி, 32. மொத்தம் 98. கறி இல்லாத நாளில் 76க்கு இறங்கிவிடும், அன்றைக்கு மீல்மேக்கரைக் கூட்டுவேன். புரதப் பவுடர் வாங்கவில்லை. அதே ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியும் சதை ஏற்றப் பவுடரை நம்ப வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பவுடர் விலையைக் கேட்டபோதே நானும் அந்த முடிவுக்கு வந்துவிட்டேன்.

மே 4, காலை 10.00

எண்ணெய். இதுவரை எனக்குத் தினம் பத்து கிராம் என்று எழுதிவந்தேன், தாளிக்கிற கரண்டி சின்னதுதானே என்ற தைரியத்தில். போன ஞாயிறு கடலை எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டேன், மனைவியிடம் சொல்லவில்லை, சொன்னால் அந்த வாரம் மட்டும் சிக்கனமாகிவிடும். இன்று பார்த்தால் 900 மில்லி போயிருக்கிறது. எடையில் 820 கிராம், ஐந்து பேர், ஏழு நாள், தலைக்கு 23 கிராமுக்கு மேல். கலோரியில் 210. நான் எழுதியது 90. பிள்ளைகள் என்னைவிடக் குறைவாகச் சாப்பிடுவதால் என் பங்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

45 கிராமில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமலேயே உள்ளே போயிருக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்கள் முதலில் பாட்டிலில் கோடு போட்டுப் பாருங்கள்.

கோடு விஷயம் வெளியே வந்துவிட்டது. அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

மே 18, இரவு 9.45

பெரியவனோடு ஏற்காடு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவையும் வண்டியிலேயே ஏறினோம், அது உடற்பயிற்சி ஆகாது. ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் பக்கம் நடந்தோம், கைக்கடிகாரம் 5.8 கிலோமீட்டர், 610 கலோரி என்றது. அந்த 610ஐ ஆப் உடனே என் கணக்கில் வரவு வைத்து, "இன்னும் சாப்பிடலாம்" என்று பச்சை காட்டியது. பையன் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, பஜ்ஜி" என்றான்.

சமதரையில் நடந்தால் உடல் எடை ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு முக்கால் கலோரி என்பது தோராயக் கணக்கு. எனக்கு 350 போல வரும். மேடு என்பதால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், 610 வர நான் கோயிலைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்க வேண்டும். ஏரிக்கரையில் நாலு மிளகாய் பஜ்ஜி, ஒரு காபி. கடைக்காரர் பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்துக் கொடுத்தார், எடுத்ததும் எழுத்து தெரியாத அளவுக்குத் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. நடந்தது அங்கேயே தீர்ந்தது. ஆப்பில் அந்த வரவு வைக்கிற வசதியை அணைத்துவிட்டேன்.

ஜூன் 8, மதியம் 1.30

மாம்பழம் சாப்பிடலாமா என்று சேலத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். நூறு கிராம் சதை 60 கலோரி, மாவுச்சத்து 15 கிராம். 209இல் இடம் இருக்கிறது. ஒரு மல்கோவா எத்தனை நூறு கிராம் என்பதில்தான் சிக்கல்.

தட்டுவடை செட்டுக்குக் கணக்கு கேட்டவருக்கு: பீட்ரூட்டும் கேரட்டும் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் இருப்பதை வைத்து அதைக் காய்கறி என்று எழுதாதீர்கள். தட்டுவடை எண்ணெயில் பொரித்தது. நான் ஒரு செட்டோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று எழுதலாம், பட்டறைப் பையன்கள் இதைப் படிக்கிறார்கள், அதனால் எழுதவில்லை.

ஜூன் 9, காலை 6.15

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நேற்று ஒருவர் தன் அப்பாவுக்குக் கிரியாட்டினின் அதிகம், அவருக்கும் 90 கிராம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், பெரும்பாலும் குறைக்கத்தான் சொல்வார்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கேட்காமல் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். என் எண்கள் எனக்கு.

ஜூலை 13, இரவு 10.20

பதினெட்டு நாளாக 77.8. ஒரு இம்மி அசையவில்லை. இரண்டு வழி தெரிந்தது: கலோரியை இன்னும் நூறு குறைப்பது, அல்லது எழுதுவதைச் சரிபார்ப்பது. முன்பென்றால் முதலாவதைச் செய்திருப்பேன். மூன்று நாள் எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டேன். இட்லி பெரிதாகியிருக்கிறது. புதுத் தட்டு வாங்கியிருக்கிறார்கள், ஒரு இட்லி 50 போய் 68. நாலு இட்லிக்கு ஒன்றரை இட்லி இனாம், கிட்டத்தட்ட 90 கலோரி.

உடம்பு 84லிருந்து 78க்கு வந்ததில் சூத்திரக் கணக்கும் 70 கலோரிக்கு மேல் இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து, முதலில் 400 குறைத்து வெட்டிய பள்ளத்தில் கிட்டத்தட்ட 160ஐத் தூர்த்துவிட்டன. இட்லியை மூன்றாக்கினேன், முட்டையில் கை வைக்கவில்லை. குறைக்க வேண்டி வந்தால் மாவுச்சத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுதானே மிச்சம் மீதி.

ஆகஸ்ட் 3, மாலை 6.40

76.9. கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை, தெருவுக்குத் தெரு கூழ். அம்மாபேட்டைக்காரர் மறுபடி வந்திருக்கிறார், ஐந்து கிலோ குறைந்திருக்கிறதாம், வட்டங்களைப் பார்ப்பதே இல்லையாம், புரதம் மட்டும் ஒரு நோட்டில் எழுதுகிறாராம்.

கூழை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறார். சொம்பில் வாங்குகிற கூழை நிறுக்காதீர்கள், மீல்மேக்கர் கதைதான் ஆகும். வீட்டில் காய்ச்சினால் எத்தனை கிராம் கேழ்வரகு மாவு போட்டீர்கள், எத்தனை பேர் குடித்தீர்கள், அவ்வளவுதான். நூறு கிராம் மாவு 320 கலோரி, புரதம் 7. நொய் போட்டால் அது தனி. தொட்டுக்கொள்ளும் கருவாட்டையும் எழுதுங்கள், அன்றைக்குப் புரதம் அதில்தான் இருக்கிறது.